1/35 டி-34: வெள்ளையடிப்பும் பனியும் ஒரே வெள்ளையாகத் தெரிகிறது, எங்கே பிசகு?

சின்னச்சங்கிலி:

வணக்கம் நண்பர்களே. வண்டி, சோவியத் டாங்கி டி-34/76-இன் 1/35 அளவு பிளாஸ்டிக் மாடல், 1942 வகை. காட்சி 1942 நவம்பர், ஸ்டாலின்கிராட் பக்கம் சோவியத் படையின் யுரேனஸ் தாக்குதல் தொடங்கிய வாரம், டான் ஆற்றங்கரையில் கலாச் பக்கத்துப் புல்வெளி. 4பிஓ பச்சை (சோவியத் டாங்கிகளின் வழக்கமான நிறம்) அடித்து, டெக்கல் (எண், குறி உள்ள ஒட்டுப்படலம்) ஒட்டி, லாக்கர் கிளியர் (நிறமற்ற காப்புப் பூச்சு) போட்டு மூடியாயிற்று. அடித்தட்டு 20 x 15 செ.மீ.

சிக்கல் மூன்று. முதலாவது, பழைய ஹல் (டாங்கி உடல்) ஒன்றில், தண்ணீர் பட்டால் மேல்பெயின்ட் உதிரட்டும் என்று ஹேர்ஸ்ப்ரே போட்டு, மேலே வினைல் வகை அக்ரிலிக் வெள்ளையை அடித்துச் சோதித்தேன். தண்ணீர் பட்டதும் பொடிப்பொடியாக உதிராமல் தோல் உரிவதுபோலப் பட்டை பட்டையாக வந்துவிட்டது. இரண்டாவது, பனிக்கால மறைப்புக்காக வெள்ளையடித்த வண்டியின் மேல் பனி வைத்தால் எது பெயின்ட், எது பனி என்றே தெரியவில்லை. மூன்றாவது, ஆப்பசோடாவும் மரப்பசையும் கலந்து செய்த பழைய அடித்தட்டு ஒன்று மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. அதையே இதற்குப் பயன்படுத்தலாமா, இல்லை தூக்கிப் போட்டுவிடுவதா?

ஏர்பிரஷ் இருக்கிறது. ஆயில் பெயின்ட், பிக்மென்ட் (நிறப்பொடி) இருக்கின்றன.

உப்புத்தாள்:

இரண்டாவது கேள்விதான் ஆணிவேர், அதிலிருந்தே வருகிறேன். நமக்குத் தமிழில் காலையில் புல்லில் நிற்பதும் பனி, மூடுவதும் பனி, வானத்திலிருந்து விழுவதும் பனி. அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை டப்பாவைத் திறந்துவிடுகிறோம். டாங்கியில் அவை வெவ்வேறு பொருள். வெள்ளையடிப்பு என்பது சில வாரத்துக்கு முன் பூசிய சுண்ணாம்போ கரையும் பெயின்ட்டோ. அதற்குள் தேய்ந்து அழுக்கேறி இருக்கும். உறைபனி நேற்று இரவு வந்தது. பனி ஒரு மணி நேரத்துக்கு முன் விழுந்தது. ஐஸ் என்பது உருகி மறுபடி உறைந்தது. நான்கும் நான்கு நிறம், நான்கு பளபளப்பு. மாடலிலும் அந்தக் கால வரிசையில்தான் வர வேண்டும். வெள்ளையடிப்பை முழுக்கப் பழசாக்கி முடிக்காமல் பனி டப்பாவைத் தொடவே கூடாது.

அதனால் வண்டிக்கு அடிக்கும் வெள்ளை சுத்த வெள்ளையாக இருக்கக் கூடாது. டாமியா எக்ஸ்எஃப்-2 மேட் வெள்ளை 9 பங்கு, எக்ஸ்எஃப்-57 பஃப் (மங்கிய மணல் நிறம்) 1 பங்கு. டப்பாவில் பார்க்கும்போது அழுக்காகத் தோன்றும், பயப்படாதீர்கள்; பச்சை மேல் போனதும் வெள்ளைதான். மிச்சமுள்ள சுத்த வெள்ளையைப் பனிக்கு ஒதுக்கி வையுங்கள். இந்த ஒரு படி வித்தியாசம் இல்லாவிட்டால் எத்தனை விலையுள்ள பனிப்பொடி வாங்கினாலும் அது பெயின்ட்டுக்குள் கரைந்துபோகும்.

இனி பட்டை உரிவது. வினைல் வகை அக்ரிலிக் காயும்போது ரப்பர் போன்ற படலமாகும். அடியில் ஹேர்ஸ்ப்ரே கரைந்ததும் அந்தப் படலம் மொத்தமாகக் கிளம்பும். டாமியா வகை அக்ரிலிக் அப்படி இழுபடாது, நொறுங்கும். பொடிச் சிதைவு கிடைப்பது அதனால்தான். முறை இது:

ஹேர்ஸ்ப்ரேயைச் சின்னக் கிண்ணத்தில் பீய்ச்சி, நுரையும் வாயுவும் அடங்க 10 நிமிடம் விட்டு, ஏர்பிரஷ்ஷில் மெல்லிய கோட் 2. ஈரம் மின்ன வேண்டும், வழியக் கூடாது. 15 முதல் 20 நிமிடம் காயவிடுங்கள். மழைக்காலச் சென்னைபோல ஈரப்பதம் உள்ள ஊரில் இது அரை மணிக்கு மேல் பிசுபிசுக்கும், விரல் ஒட்டாத வரை காத்திருங்கள். வெள்ளை 1 பங்கு, டாமியா எக்ஸ்-20ஏ தின்னர் 2 பங்கு, காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ. லாக்கர் தின்னர் கலந்தால் ஹேர்ஸ்ப்ரேயைக் கடித்து அடிப்பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு தண்ணீரில் அசையாது. கோட் ஒரே சீராக வேண்டாம். டரெட் (பீரங்கி உள்ள சுழலும் மேல்கூடு) பக்கவாட்டிலும் முன்தகட்டிலும் கொஞ்சம் கனமாக, ஓரங்களில் பச்சை தெரியும்படி.

அடித்து 20 முதல் 30 நிமிடத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள். 3 செ.மீ. அகலப் பகுதியை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, அரை நிமிடம் பொறுத்து, முடியைக் குட்டையாக வெட்டிய பழைய பிரஷ்ஷால் குத்துங்கள். இழுக்காமல் குத்தினால் பொடியாக வரும். ஒரு பகுதி முடிந்ததும் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் அடுத்தது. மொத்த வண்டியையும் நனைத்துவிட்டால் நீங்கள் தொடாத இடமும் கிளம்பத் தொடங்கும்.

முடிந்ததும் 24 மணி நேரம். பிறகு லாக்கர் மேட் கிளியரைப் புகைபோல மெல்ல 2 தடவை. தண்ணீர் வகை வார்னிஷ் இங்கே கூடாது. அடியில் இருக்கும் ஹேர்ஸ்ப்ரே இன்னும் உயிரோடு இருக்கிறது, நனைந்தால் மறுபடி இளகும்.

டர்ப்பன்டைன்:

உப்புத்தாள் அண்ணன் சொன்ன வரிசை சரி. ஆனால் ஹேர்ஸ்ப்ரேயிலேயே முழு வேலையையும் முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது காட்டுவது உரிந்த பெயின்ட். சுண்ணாம்பு உரிவதைவிட அதிகமாகத் தேயும், கரையும், வழியும். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் ஐப்பசி மழைக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று பாருங்கள்: செதில் குறைவு, மங்கலான திரை போல அடிநிறம் தெரியும், ஆணிக்குக் கீழே நீண்ட கோடு ஓடும். டாங்கியிலும் அதேதான்.

அதனால் ஹேர்ஸ்ப்ரே சிதைவை ஆள் கால் வைக்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: டரெட் மூடியின் விளிம்பு, ஃபென்டர் (சங்கிலிக்கு மேலுள்ள தகடு), கைப்பிடிக் கம்பிகளின் கீழ், டிரைவர் மூடியைச் சுற்றி. மற்ற இடமெல்லாம் ஆயில் பெயின்ட்.

டைட்டேனியம் ஒயிட்டை ஒரு அட்டைத் துண்டில் பிதுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். லின்சீட் எண்ணெயை அட்டை குடித்துவிடும். இதைத் தவறவிட்டால் காய்ந்த பிறகு எண்ணெய்ப் பளபளப்பு நிற்கும், சுண்ணாம்பு ஒருபோதும் பளபளக்காது. டரெட்டின் ஒரு பக்கத்துக்குக் குண்டூசித் தலை அளவில் 6 முதல் 8 புள்ளி. 6-ஆம் எண் தட்டைப் பிரஷ்ஷை மணமில்லாத டர்ப்பன்டைனில் தொட்டு, டிஷ்யூவில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேலிருந்து கீழே ஒரே திசையில் இழுங்கள். பிரஷ் கிட்டத்தட்ட உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் அதிகமானால் புள்ளி மொத்தமும் கழுவிக்கொண்டு போய்க் கீழ் ஓரத்தில் வெள்ளைக் கோடாகத் தேங்கும். சாய்ந்த தகட்டில் கோடு சாய்வின் வழியே ஓட வேண்டும். டி-34 முழுக்கச் சாய்வு, ஆகவே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு நொடி யோசியுங்கள்.

இன்னொன்று, இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெள்ளையடித்தது தொழிற்சாலை இல்லை, பெரும்பாலும் களத்தில் அந்த வண்டிக்காரர்களே. பிரஷ்ஷோ விளக்குமாறோ கைக்கு எட்டிய இடத்துக்குத்தான் போயிருக்கும். எரிபொருள் டிரம்முக்குப் பின்னால், சக்கரங்களுக்குப் பின் உள்ள ஹல் சுவர், டரெட்டின் அடிப்பகுதி எல்லாம் பச்சையாகவே இருக்கட்டும். டரெட் எண்ணைச் சுற்றி ஒழுங்கில்லாத பச்சைக் கட்டம் விடுங்கள், எண்ணை மறைத்து யாரும் பூச மாட்டார்கள். டெக்கல் மேல் வெள்ளை அடித்துவிட்டுப் பிறகு சுரண்டுவதைவிட, முதலிலேயே அந்தக் கட்டத்தை புளூ-டாக் மாதிரி களிம்பால் மூடிக்கொள்வது மேல்.

உப்பு தூவிச் சிதைக்கும் முறையை யாராவது பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். துருவுக்கு அது நன்றாக வரும். வெள்ளையடிப்பில் உப்புக்கல்லின் அளவு அப்படியே அச்சாகிவிடும்: 0.3 மி.மீ. கல் விட்ட ஓட்டை 1/35-இல் 1 செ.மீ. ஓட்டை, அதுவும் எல்லாம் ஒரே வடிவில்.

சின்னச்சங்கிலி:

இரண்டு பேருக்கும் நன்றி. எக்ஸ்எஃப்-2, பஃப் கலந்து சோதனைத் துண்டில் பொடிச் சிதைவு வந்துவிட்டது. அடுத்தது பனி. வண்டி ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் திட்டம். டரெட் மேலேயும் எஞ்சின் டெக் (எஞ்சினை மூடும் மேல்தகடு) மேலேயும் ஒரு கனமான மெத்தையாகப் பனி வைத்தால் அழகாக இருக்குமா? சங்கிலிக்கு வெள்ளைப் பனியை அப்படியே பூசிவிடலாமா?

முப்பத்தைந்தில்ஒன்று:

ஓடும் வண்டியா, நின்ற வண்டியா என்பதை முடிவு செய்தால் பாதி வேலை முடிந்தது தம்பி. ஓடும் டி-34-இன் எஞ்சின் டெக் மேல் பனி மெத்தை நிற்காது. வி-2 டீசல் எஞ்சினின் இரு பக்கமும் ரேடியேட்டர். பின்னால் உள்ள விசிறி டெக்கின் பக்க இடுக்குகள் வழியே குளிர்காற்றை இழுத்து, ரேடியேட்டரைத் தாண்டிச் சூடாக்கி, பின்பக்க வலைக்கதவு வழியே தள்ளும். ஆக வலைக்கதவும் அதன் பின் சாய்தகடும் ஈரமாக, இருட்டாக, பனியில்லாமல். அந்த ஈரத்துக்குச் சாட்டின் வார்னிஷ் போதும், கிளாஸ் போட்டால் எண்ணெய் கொட்டியதுபோலத் தெரியும். உருகிய நீர் பின்தகட்டின் அடிவிளிம்புக்கு வந்து அங்கே உறையும். கியர்பாக்ஸும் பின்னால்தான், எனவே முன்பக்கம் குளிர்ந்த இரும்பு. பான்சர் 4-இல் கியர்பாக்ஸ் முன்னால் இருப்பதால் மூக்கிலும் கொஞ்சம் சூடு வரும். அதற்கான வரைபடத்தைப் பார்த்து டி-34-க்குப் பனி வைக்காதீர்கள்.

பனி தங்கும் இடங்கள்: முன்தகட்டில் கொக்கிகளுக்கு மேல்புறம், ஃபென்டரின் உள்மூலை, டரெட் கூரையின் வார்ப்பு ஓரம், இழுவைக் கம்பிச் சுருளின் இடுக்கு. எல்லாம் மூலையும் இடுக்கும்தான், சமதளம் அல்ல. அதிர்வும் காற்றும் சமதளத்தைத் துடைத்துவிடும். டிரைவர் மூடியைத் திறந்து வைத்திருந்தால் அதன் கீழே பனி கலைந்திருக்க வேண்டும். நவம்பர் 19 காலையில் கடும் மூடுபனி. அதைக் காட்ட வேண்டுமென்றால் பீரங்கிக் குழல், கைப்பிடிக் கம்பி, போல்ட் தலைகளில் காற்று வரும் ஒரே பக்கத்தில் மட்டும் உறைபனி: மேட் வார்னிஷ்ஷை நுனிப் பிரஷ்ஷால் தொட்டு, உலரும் முன் வெள்ளை பிக்மென்ட்டை ஊதிவிடுங்கள். இரண்டு பக்கமும் போட்டால் உறைபனி மாவு தெளித்ததாக மாறிவிடும்.

சங்கிலிக்கு வெள்ளை அப்பாதீர்கள், அது மண்ணும் பனியும் அரைபட்ட கூழ். நிறம் பழுப்புச் சாம்பல். முதலில் அடர்பழுப்பு பிக்மென்ட், கொஞ்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், மேட் மீடியம் (நிறமில்லாத, பளபளக்காத அக்ரிலிக் பசை) மூன்றையும் குழைத்துச் சக்கரத்தின் உள்பக்கமும் ஹல் சுவரிலும் அப்பி, முழுக்கக் காயவிடுங்கள். அதன் மேல்தான் பனிக்கலவை, அதையும் பாதி இடத்தில் விட்டுவிட்டு. ஈரமாக இருக்கும்போதே இரண்டையும் சேர்த்தால் தேநீர் நிறக் குழம்புதான் மிஞ்சும்.

இப்போது சங்கிலியின் ஒரு இணைப்பைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பாருங்கள். 500 மி.மீ. அகலச் சங்கிலி, நம் அளவில் 14.3 மி.மீ. வெளிமுகத்தில் வாஃபிள் பிஸ்கட் போலக் குழிகள். குழிக்குள் இறுகிய பனி, குழிகளைப் பிரிக்கும் வரப்புகள் தேய்ந்து மின்னும் இரும்பு. குழியை நிரப்பி, காயும் முன் தகடுபோல வெட்டிய அட்டையால் மேலே வழித்துவிடுங்கள், பிறகு வரப்பில் 4பி பென்சிலைத் தேயுங்கள். உள்முகம் வேறு கதை. ஒன்று விட்டு ஒரு இணைப்பில் நிற்கும் வழிகாட்டிக் கொம்பு இரட்டைச் சக்கரத்தின் நடுவே ஓடும். அதனால் இரு தட்டுக்கும் நடுவே உள்ள அந்த இடுக்கில் பனி அடைந்திருக்காது, கொம்பே அதைச் சுரண்டிவிடும். கொம்புக்கு இரு பக்கமும் சக்கரம் உருளும் இரண்டு மின்னும் பட்டை. அதற்கும் வெளியே விளிம்பில் மட்டும் அழுக்குப் பனி. இந்த மூன்றையும் சரியாகச் செய்தால் டப்பாப் பனி ஒரு பிடி குறைந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஓடும் சங்கிலியில் ஆரஞ்சுத் துரு வேண்டாம். ரப்பர் தட்டுப்பாட்டால் உள்ரப்பர் வைத்த இரும்புவிளிம்புச் சக்கரம் உங்கள் கிட்டில் இருந்தால் அந்த விளிம்புக்கும் பென்சில் உண்டு. ரப்பர்விளிம்புச் சக்கரத்துக்குக் கூடாது.

மாவுசல்லடை:

பனிக்கலவை பற்றி மட்டும். ஆப்பசோடாவை மறந்துவிடுங்கள். அது காரத்தன்மை உள்ள உப்பு, ஈரம் இழுக்கும், பசையோடு சேர்ந்து காலப்போக்கில் மஞ்சளாகும், பக்கத்தில் உள்ள உலோகத் துண்டையும் அரிக்கும். குருணையும் பெரிது.

வாங்க வேண்டியது கண்ணாடி மைக்ரோபலூன். உள்ளே காலியான கண்ணாடிக் குமிழ்ப் பொடி. மாடல் கடையில் சின்ன டப்பாவாகக் கிடைப்பதுதான், எபாக்சி ரெசினும் ஃபைபர் கிளாஸும் விற்கும் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். வெள்ளை நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். ஃபீனாலிக் மைக்ரோபலூன் என்று செம்பழுப்பு நிறத்தில் ஒன்று உண்டு, அது பனிக்கு ஆகாது. டப்பாவைத் திறக்கும் முன் என்95 முகமூடி, ஃபேன் அணைப்பு. மூச்சு பட்டாலே பறக்கும், நுரையீரலுக்குப் போகக் கூடாத பொருள்.

கலவை: மைக்ரோபலூன் 3 பங்கு, மேட் மீடியம் 1 பங்கு, தண்ணீர் 1 பங்கு, 20 மி.லி. கலவைக்கு வெள்ளை அக்ரிலிக் 4 சொட்டு. இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, கரண்டியில் நிற்க வேண்டும். மீடியம் கூடினால் கண்ணாடிக் குமிழ் நனைந்து ஒளி ஊடுருவி, காய்ந்த பின் சாம்பல் நிறக் கூழாகிவிடும். அப்படிக் கெட்டுப்போனதைக் கொட்டாதீர்கள், சக்கரத் தடத்துக்குள் ஈரப் பனியாக அது நன்றாகவே உழைக்கும். மரப்பசையைத் தவிர்ப்பதற்குக் காரணம் மஞ்சள்.

ஒரே தடவையில் 2 மி.மீ.-க்கு மேல் போடாதீர்கள், சுருங்கி வெடிக்கும். மேடு வேண்டுமானால் அடியில் தெர்மகோல் அட்டை செதுக்கி, அதற்கு முதலில் மண்நிறம் அடித்து, மேலே மெல்லிய பனி. கலவை ஈரமாக இருக்கும்போதே டீ வடிகட்டியில் உலர் மைக்ரோபலூனைப் போட்டு விளிம்பைத் தட்டினால் புதுப்பனியின் மிருதுவான மேல்பரப்பு கிடைக்கும். பொடி ஒட்டாத இடத்தில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்துவிட்டு நீர்த்த மீடியம் விடலாம், ஆனால் அடித்தட்டில் மட்டும். வண்டி மேல் ஆல்கஹால் பட்டால் டாமியா வெள்ளையும் ஹேர்ஸ்ப்ரேயும் சேர்ந்து இளகும். உப்புத்தாள் சொன்ன லாக்கர் கோட் இருந்தாலும் நான் அந்தச் சூதாட்டம் ஆட மாட்டேன்.

அளவு முக்கியம். 10 செ.மீ. பனி 1/35-இல் 2.9 மி.மீ. 30 செ.மீ. என்றால் 8.6 மி.மீ., டி-34-இன் அடிவயிற்று உயரமே 11.4 மி.மீ.தான். நிறைய டயோராமாவில் (அடித்தட்டோடு செய்யும் காட்சி மாடல்) டாங்கி பனியில் புதைந்து நிற்பது இந்தக் கணக்குப் போடாததால். மரமில்லாத திறந்த புல்வெளியில் காற்று பனியைத் துடைத்துப் பள்ளங்களில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே அடித்தட்டில் ஒரு பக்கம் காய்ந்த புல்லும் வெற்று மண்ணும் தெரிய 1.5 மி.மீ., தாழ்ந்த மூலையில் 5 மி.மீ. என்று ஏற்ற இறக்கம் வையுங்கள். புல்தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் சின்னக் குவியல். அது உறைபனி வைத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இருக்கட்டும், காற்று ஒன்றுதானே.

தடம் பதிக்க, மிச்ச சங்கிலித் துண்டை கிச்சன் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, கலவை பாதி காய்ந்திருக்கும்போது அழுத்துங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்பே அழுத்தினால் கலவை உறையோடு வந்துவிடும். மினுமினுப்புத் தூள் வேண்டவே வேண்டாம், அது 1/35-இல் உடைந்த கண்ணாடிச் சில்லு.

சின்னச்சங்கிலி:

காற்றுத் திசை விஷயம் தோன்றவே இல்லை. எல்லாப் பக்கமும் தூவியிருப்பேன். கடைசியாக ஐஸ் ஊசிகளும், அந்த மஞ்சள் அடித்தட்டும்.

முப்பத்தைந்தில்ஒன்று:

ஐஸ் ஊசி உருகிய இடத்தில்தான் தொங்கும், உங்கள் வண்டியில் பின்தகட்டின் அடிவிளிம்பும் பின்பக்க ஃபென்டர் நுனியும். 5 அல்லது 6 போதும். நிறமற்ற ஸ்ப்ரூவை (கிட்டில் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் கம்பி) மெழுகுவர்த்திக்கு 2 செ.மீ. மேலே சுழற்றி, தொய்ந்ததும் எடுத்து இழுங்கள். 2 முதல் 4 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, ஒரே நீளம் இல்லாமல். ஒட்ட மேட் மீடியம். சூப்பர் க்ளூ ஆவி நிறமற்ற பிளாஸ்டிக்கைப் பூத்த வெள்ளையாக்கும். வண்டி சரிவில் ஏறுவதுபோல வைத்திருந்தால் ஊசி ஹல்லுக்குச் செங்குத்தாக இருக்கக் கூடாது, தரைக்குத் தூக்குநூல் பிடித்ததுபோல நேராகத் தொங்க வேண்டும். ஆகவே வண்டியை அடித்தட்டில் ஒட்டிய பிறகு ஊசியை ஒட்டுங்கள்.

பின்னால் இரண்டு புகைக்குழாய்க்கு நேரே, பனி மேல் 3 செ.மீ. நீளத்துக்குக் கரும்பழுப்பை மிக நீர்க்கவைத்து 10 பிஎஸ்ஐ-இல் ஒரு மூச்சு. இரண்டாவது மூச்சு வேண்டாம்.

மாவுசல்லடை:

மஞ்சள் அடித்தட்டின் மேல் புதுப்பனி பூசினால் சில மாதத்தில் மஞ்சள் மேலே ஏறி வரும், அடியிலிருக்கும் சோடா ஈரம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். வெந்நீரில் ஊறவைத்த பிரஷ்ஷால் சோடா அடுக்கை மரம் வரை சுரண்டி, 2 நாள் காயவைத்து, லாக்கர் பிரைமர் அடித்து மூடிவிட்டுத் தொடங்குங்கள். மரம் வளைந்திருந்தால் சுரண்டவும் வேண்டாம், 20 x 15-க்கு வேறு பலகை வெட்டிக்கொள்ளுங்கள்.